தகர்ந்தது யார்?

‘தகர்ப்புப் புதுமை’ என்னும் சொற்றொடர் இன்று நம் வணிகத்துறை மாணவரின் நாவில் மந்திரம்போல் ஒலிக்கிறது. 1997இல் அமெரிக்கப் பேராசிரியர் கிளேட்டன் கிறிஸ்டென்சன் தம் நூலொன்றால் பரப்பிய கருத்து இது. எளிய, மலிவான பண்டத்தோடு கீழிருந்து நுழைபவன் உச்சியில் இருப்பவனைக் கவிழ்ப்பான் என்பது அதன் சாரம். அதற்குச் சான்றாக அடிக்கடி மேடையேற்றப்படுவது நின்டெண்டோவின் ‘வீ’ என்னும் விளையாட்டுக் கருவி. (1889இலே கியோட்டோவில் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய அந்நிறுவனத்தை ‘எளியவன்’ என்பதற்கே துணிவு வேண்டும்!)

கதை சுவையானதுதான். 2006இல் சோனி தன் ‘பிளேஸ்டேஷன் 3’ஐ 499, 599 டொலர் விலைகளில், அதுவும் நட்டத்துக்கு, விற்றது. நின்டெண்டோவோ வலிமை குறைந்த கருவியை 250 டொலருக்குத் தந்தது. கையை வீசினாலே பந்தடிக்கலாம் என்றாக்கியது. பேரனோடு பாட்டியும் ஆடினாள். 10 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. பழகி மலிந்த தொழில்நுட்பத்தைப் புதுவழியில் திருப்பும் அந்த அறிவைப் பழிக்க எனக்கு மனமில்லை. குன்பெய் யொக்கோய் என்ற அந்நிறுவனத்துப் படைப்பாளி 1989இன் ‘கேம்போய்’ மூலமே அதைக் காட்டியிருந்தார்.

ஆயினும், தகர்ந்தது யார்? சோனியா? மைக்ரோசொப்ட்டா? ஆட்டத்தின் பின்பும் மூவரும் களத்திலேயே நின்றனர். 2012இல் ‘வீ யூ’வோடு சறுக்கி விழுந்தவரும் முன்னைய வெற்றியாளரே!

அதே 2012 ஜனவரியில், சீனத்து வூஹான் நகரின் பொக்ஸ்கொன் ஆலையில், ‘எக்ஸ்பொக்ஸ்’ பொருத்தும் தொழிலாளர் கூரைமேலேறி, குதித்து உயிர் விடுவோம் என்று நின்றனர். அவ்வாண்டிலேயே யன்தாய் ஆலையில் 14 வயதுச் சிறுவர் ‘பயிற்சியாளர்’ என்ற பெயரில் உழைத்ததை அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. 2013இல் அவ்வாலைக்கே கல்லூரி மாணவர் அனுப்பப்பட்டனர். ‘பிளேஸ்டேஷன் 4’ பொருத்தும் வேலை. இரவுமுறை, மேலதிக நேரம். விதி மீறப்பட்டதை நிறுவனம் மறுக்கவில்லை. போக மறுத்தால் பாடப்புள்ளிகள் பறிபோகும் என்று தம்மை மிரட்டியதாக மாணவர் கூறினர். ஆசிரியப் பெருமக்களே, இவ்விடத்தில் சற்று நின்று வாசியுங்கள்! கல்விச் சான்றிதழே சாட்டையாக மாறியிருக்கிறது.

கல்முனைக்குடிக்காரருக்குத் தகர்ப்பு என்பது புதுச்சொல்லன்று. 1977இல் திறந்த பொருளாதாரம் இறக்குமதித் துணிக்குக் கதவு திறந்தபோது நாடெங்கும் கைத்தறிகள் ஓய்ந்தன. அந்த அடியின் வலியை அயலூராம் மருதமுனையின் நெசவாளர் அறிவர். அதை எவரும் புதுமை என்று கொண்டாடவில்லை. அழிந்தவர் அருகில் இருந்தமையால் கூச்சம் தடுத்தது போலும். யன்தாய் தொலைவிலிருக்கிறது, ஆகவே கூச்சமில்லை.

போட்டி உத்தியைக் கற்பிக்க வேண்டாமென்று நான் கூறவில்லை. ஆனால் 250 டொலரையும் 599 டொலரையும் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், அவற்றின் பக்கத்திலேயே அம்மாணவரின் இரவுமுறை நேரத்தையும் எழுதட்டும். அவர் எழுதாவிடின், ஒரு மாணவனாவது எழுந்து அந்த நிரல் எங்கே என்று கேட்கட்டும்.