பக்கத்து வீட்டு நாயும் நமது மார்க்கமும்

நாய் வளர்க்கும் குடும்பமொன்று பக்கத்து வீட்டிற்குப் புதிதாகக் குடிவந்துவிட்டால், நம் மஹல்லாக்களில் பேச்சு எப்படிப் போகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். இரவெல்லாம் குரைக்கிறது என்று தொடங்கும். உடனே நஜீஸ் என்றும், மலக்குகள் வரமாட்டார்கள் என்றும், முஸ்லிம் தெருவில் இவர்களுக்கு வீடு கொடுத்தது யார் என்றும் திரும்பிவிடும். இந்தத் திருப்பத்தையே நாம் கண்டிக்கிறோம்.

குரைப்பொலி உண்மையான தொல்லைதான். திருப்பூரில் நைட் ஷிப்ட் முடித்து விடியலில் திரும்புவோர் பகலில்தான் உறங்கியாக வேண்டும். லைன் வீடுகளில் இரு குடும்பங்களுக்கு நடுவே ஒரு சுவர்தான். எனவே தொல்லையைத் தொல்லை என்றே சொல்லுங்கள். அதற்கு மார்க்கத்தைத் துணைக்கு அழைப்பானேன்?

மலக்குகள் பற்றிய நபிமொழி நாய் இருக்கும் வீட்டைப் பற்றியது. அடுத்த வீட்டைப் பற்றியதன்று. வேட்டைக்கும் கால்நடைக்கும் விளைநிலத்திற்கும் நாய் வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்களே அனுமதித்துள்ளார்கள். நம்மில் பலர் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் நாயின் எச்சில் நஜீஸ். அதன் உலர்ந்த உடல் உரசினால் ஆடை அசுத்தமாவதில்லை. குரைப்பொலி உளூவை முறிக்கும் என்று எந்த மத்ஹபிலும் நாம் படித்ததில்லை.

அண்டை வீட்டார் விஷயத்திலோ கட்டளை தெளிவானது. அந்நிஸா அத்தியாயத்தின் 36-ஆம் வசனம் உறவல்லாத அண்டை வீட்டாரையும் சேர்த்தே சொல்கிறது. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள், தம் வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தனுப்பினீர்களா என்று கேட்டார்கள்.

வீட்டு முன்னறையில் நள்ளிரவு வரை ஓவர்லாக் மெஷின் ஓட்டுவோரும், ஸஹருக்கு ஒலிபெருக்கியில் தெருவையே எழுப்புவோரும் அடுத்தவர் காதைப் பற்றி எண்ணியதுண்டா? 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் என்று வரம்பிட்டன. அதே ஆண்டு, சென்னையில் ஒரு தேவாலயத்தின் ஒலிக்கு எதிராக மெஜஸ்டிக் காலனி மக்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடுமாறு எந்த மதமும் கூறவில்லை என்றது நீதிமன்றம். அது பள்ளிவாசலுக்கும் பொருந்தும்.

இதனினும் மோசமானது, பிஸ்கட்டில் மருந்து வைக்கலாம் என்ற முணுமுணுப்பு. பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆம் பிரிவின்படி இதற்கு 5 ஆண்டு வரை சிறை. சிறை கிடக்கட்டும், தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியதால் பாவம் மன்னிக்கப்பட்டவரின் வரலாற்றை மதரசாவில் ஓதும் பிள்ளைகள் மாடியில் நின்று கல்லெறிகிறார்கள், பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கல் பட்ட நாய் குரைக்காமல் என்ன செய்யும்?

புது இடத்திற்கு வந்த நாய் ஒவ்வொரு காலடிக்கும் குரைக்கும். வீட்டார் கம்பெனிக்குப் போனபின் சங்கிலியில் தனித்துக் கிடந்தால் இன்னும் குரைக்கும். இரவில் உள்ளே கட்டுங்கள், காலையில் சற்று நடத்திச் செல்லுங்கள் என்று பகல் வேளையில் நேரில் போய்ச் சொல்லுங்கள். வளர்ப்பவருக்கும் கடமை உண்டு. கேட்க மறுத்தால் புகார் கொடுக்கலாம். அப்புகாரில் ஒலி மட்டுமே இருக்கட்டும். அதற்கு முன், ஸஹர் அறிவிப்பால் உங்கள் தூக்கம் கெடுகிறதா என்று ஜமாஅத்தார் அவர்களிடம் ஒருமுறை கேட்டு வரட்டும்.