‘போயிடுச்சு சார்!’

நம்மூர் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைகளில் ஒரு தீர்ப்பு உண்டு. இரண்டே வார்த்தை. ‘போயிடுச்சு சார்.’ சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை, அப்பீல் இல்லை. தூக்குத் தண்டனைக் கைதிகூட ஜனாதிபதிக்குக் கருணை மனு போடலாம். உங்கள் ஹார்ட் டிஸ்க்குக்கு அந்த வசதி கிடையாது. ஸ்கிரீனில் அதன் பெயர் வரவில்லையா? அடுத்த நிமிடமே புது டிஸ்க்குக்கு விலை சொல்வார்கள். ‘உள்ள இருக்கறது வேணும்னா ரெக்கவரிக்கு அனுப்பணும், செலவாகும்’ என்பது கொசுறு.

இந்தத் தீர்ப்போடுதான் எனக்குச் சண்டை. கம்ப்யூட்டர் ‘காணோம்’ என்று சொல்கிற டிஸ்க் வேறு, செத்துப்போன டிஸ்க் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டுவதில் பலருக்கு லாபம். நஷ்டம் உங்களுக்கு மட்டும்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இருப்பாய்வில் இரண்டு பக்கமும் டேலி ஆகவில்லையென்றால் என்ன செய்வோம்? வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிட்டு, எங்கே தப்பு என்று தேடுவோம். யாரும் அதை வராக்கடன் என்று எழுதித் தள்ளிவிட்டுக் கடையைச் சாத்த மாட்டார்கள். காணாமல் போன டிஸ்க் அனாமத்துக் கணக்கு. ரிப்பேர் கடை அதை வராக்கடனில் எழுதுகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணத்தைக் கடந்து போயிருப்பீர்கள். பாத்தி பாத்தியாக உப்பளம், பக்கத்தில் வெள்ளைக் குவியல்கள். அந்த ஊரில் ஒரு போட்டோ ஸ்டூடியோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் என்று பத்து வருஷத்துப் படங்கள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் ஆறு டிஸ்க்கை மாட்டி, ட்ரூநாஸ், ஓப்பன் மீடியா வால்ட் மாதிரி இலவச சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு, சொந்தமாக ஒரு ஸ்டோரேஜ் சர்வர் செய்து வைத்திருக்கிறார் ஸ்டூடியோக்காரர். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஆறில் நாலுதான் தெரிகிறது.

ஒரே ராத்திரியில் இரண்டு டிஸ்க் சாகுமா? சாகலாம். ஆனால் அந்த இரண்டுக்கும் பொதுவாக ஒரு வயர் போகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. அதைக்கூடப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எங்கே தேட வேண்டும் என்று சொல்கிறேன். இதற்கு இன்ஜினீயரிங் பட்டம் தேவையில்லை.

முதலில் காது. டிஸ்க் சுழல்கிற சத்தம் கேட்கிறதா? கேட்கவே இல்லையென்றால் முதல் சந்தேகம் பவர் மேல். 3.5 இன்ச் டிஸ்க் ஒன்று சுழலத் தொடங்கும் சில நொடிகளில் 12 வோல்ட் வயரில் சுமார் 2 ஆம்பியர் இழுக்கும். அதாவது 24 வாட். ஆறும் ஒன்றாகக் கிளம்பினால் 144 வாட். பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் ஒரே வயரைப் பிரித்துப் பிரித்து நாலு டிஸ்க்குக்குக் கொடுத்திருந்தால், கடைசியில் இருப்பவருக்குப் பந்தியில் சோறு கிடைக்காது. அவர் எழுந்திருக்க மாட்டார். ஸ்கிரீனில் பெயரும் வராது.

சத்தம் கேட்கிறது, ஆனால் பெயர் வரவில்லையா? டேட்டா கேபிளை மாற்றுங்கள். ஐஸ்க்ரீம் விலையில் கிடைக்கிற சாமான் அது. பிறகு மதர்போர்டில் வேறு துளையில் செருகிப் பாருங்கள். பல மதர்போர்டுகளில் எம்.2 என்கிற சின்ன எஸ்.எஸ்.டி.யை மாட்டினால் ஒன்றிரண்டு சாட்டா துளைகள் தானாகவே செயலிழந்துவிடும். மேனுவலில் பொடி எழுத்தில் போட்டிருப்பான். போன வாரம் எஸ்.எஸ்.டி. மாட்டினீர்கள், இந்த வாரம் டிஸ்க் காணோம் என்றால், டிஸ்க் மேல் பழி போடாதீர்கள்.

டிஸ்க் தெரிந்து தெரிந்து மறைகிறதா? அது தன் உடம்பைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் ‘ஸ்மார்ட்’ குறிப்பைப் பாருங்கள். இலவச சாஃப்ட்வேரே காட்டும். 199ஆம் வரிசை எண் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றவாளி கேபிளோ இணைப்போதான். 5, 197 ஆகிய எண்கள் ஏறினால்தான் டிஸ்க்கின் தட்டிலேயே கோளாறு. ‘டக்... டக்’ என்று அடிக்கிற சத்தம் கேட்டால், அணைத்துவிட்டுக் கையெடுங்கள். அப்போது மட்டும்தான் ரெக்கவரிக்காரரைத் தேட வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த சர்வர் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கம்ப்யூட்டரில் மாட்டினால், ‘இனிஷியலைஸ் பண்ணட்டுமா, ஃபார்மட் பண்ணட்டுமா’ என்று கேட்கும். அதற்கு லினக்ஸ் எழுத்து படிக்கத் தெரியாது, அதனால் கேட்கிறது. ‘யெஸ்’ என்று அழுத்துபவர்தான் உண்மையான கொலைகாரர்.

இனி மரக்காணத்தின் சமாசாரம். அங்கே காற்றே ஒரு கட்சிக்காரர்.

உப்புக்கு ஒரு குணம். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் கை வைத்தவர்களுக்கு இது தெரியும். கடற்காற்றில் வரும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள் கம்ப்யூட்டருக்குள் இணைப்புகளின் மேல் படிந்து, அதே வேலையைச் செய்கிறது. உலோகம் மெல்ல அரிக்கப்பட்டு, மேலே ஒரு படலம் உண்டாகிறது. கேபிளைக் கழற்றி மாட்டினால் உரசலில் படலம் கிழிந்து டிஸ்க் தெரியும். ஒரு மாதம் கழித்து மறுபடி மறையும். ‘கழற்றி மாட்டினா வேலை செய்யுது சார்’ என்பதே நோயின் பெயர். அது இணைப்பு நோய். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, நன்றாகக் காய விட்டு, புது கேபிள் போட வேண்டிய நோய்.

இது என் கற்பனை இல்லை. மைக்ரோசாஃப்ட்டின் 9 டேட்டா சென்டர்களில் இருந்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. டிஸ்க்குகளைப் படுத்துவதில் வெப்பத்தைவிட ஈரப்பதத்துக்கே பெரிய பங்கு என்றது அது. அதிலும் அடிபடுவது பெரும்பாலும் கன்ட்ரோலர், இணைப்பு போன்ற பகுதிகள் என்றது. உலகத்தின் பெரிய கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், உப்பளத்துக்குப் பக்கத்தில் ஜன்னலைத் திறந்துவைத்து ஃபேன் ஓட்டுகிற ஸ்டூடியோவுக்கு?

டிஸ்க் கம்பெனிகளின் விவரத்தாளை எடுத்துப் பாருங்கள். பல டிஸ்க்குகளுக்கு 5 முதல் 95 சதவீதம் ஈரப்பதம் வரை ஓடும் என்று போட்டிருக்கும். கூடவே, ‘பனி படியாமல் இருந்தால்’ என்றொரு நிபந்தனை. பனி படியாமலேயே 75இல் ஈரத்தை இழுக்கும் உப்பைப் பற்றி அந்த வரி பேசுவதில்லை. குளுகுளு அறைக்கு எழுதிய ஜாதகத்தை மரக்காணத்துப் பிள்ளைக்கு வாசித்தால் எப்படிப் பலிக்கும்?

கம்பெனிகள் வாய் திறக்காத கதைகள் இன்னும் உண்டு. 2009 ஜனவரியில் சீகேட்டின் பார்ரகுடா 7200.11 வகை டிஸ்க்குகள் பல திடீரென்று பயாஸில் தெரியாமல் போயின. தட்டு நன்றாக இருந்தது, தகவல் பத்திரமாக இருந்தது. டிஸ்க்குக்கு உள்ளேயே இருக்கும் ஃபர்ம்வேரில் பிழை. கம்பெனி ஒப்புக்கொண்டு திருத்தம் கொடுத்தது. அதற்கு முன்னால் எத்தனை கடைகளில் ‘போயிடுச்சு சார்’ சொல்லியிருப்பார்கள்?

2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஒப்புக்கொண்ட விஷயம் வேறு. ஸ்டோரேஜ் சர்வருக்கென்றே விற்ற ‘ரெட்’ வரிசையில் சில மாடல்களில், எஸ்.எம்.ஆர். என்னும் மெதுவாக எழுதும் முறையைச் சொல்லாமலே புகுத்தியிருந்தது. ஒரு டிஸ்க்கை மாற்றிவிட்டு மறுபடி தகவலை நிரப்பும்போது, புது டிஸ்க் பதில் சொல்லத் தாமதித்ததால் சில சர்வர்கள் அதைக் கூட்டணியிலிருந்து நீக்கின. வாங்கியவர் தன் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு அந்த மூன்றாவது பின். புது சாட்டா விதிப்படி, பவர் இணைப்பின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் ‘தூங்கு’ என்று அர்த்தம். பெரிய டேட்டா சென்டர்களின் வசதிக்காக வந்த விதி. பழைய எஸ்.எம்.பி.எஸ். பலவற்றில் அந்த 3.3 வோல்ட் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். ஆகவே அந்த வகைப் புது டிஸ்க் சுழலவே சுழலாது. அந்தப் பின்னை வெப்பம் தாங்கும் காப்டன் டேப் துணுக்கால் மறைத்தால் பிழைத்துக்கொள்ளும். பெட்டி மேல் இதை ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு மை செலவாகும்?

‘எதுக்கு இந்த வம்பு, எல்லாத்தையும் கிளவுடில் போட வேண்டியதுதானே?’ என்று கேட்பீர்கள். கணக்குப் போடுங்கள். 8 டெராபைட் படங்களை 50 எம்.பி.பி.எஸ். வேகத்தில் இடைவிடாமல் ஏற்றினால் ஏறக்குறைய 15 நாள். அப்புறம் ஆயுசுக்கும் மாத வாடகை. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் மூழ்கின. அந்த மாதிரி நாட்களில் கரண்டும் நெட்டும் போனால், உங்கள் படத்தை நீங்களே பார்க்க முடியாது. சொந்தமாக வைத்திருக்க நினைப்பவர் பைத்தியக்காரர் இல்லை. அவருக்கு வேண்டியது கேலி அல்ல, தகவல்.

கடைக்காரரை மட்டும் திட்டுவது நியாயமில்லை. அவர் தரப்பும் இருக்கிறது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேபிள் மாற்றி, துளை மாற்றி, துடைத்துச் சரிசெய்தார் என்றால் நாம் என்ன கேட்கிறோம்? ‘ஒண்ணுமே மாத்தலியே, எதுக்கு முந்நூறு ரூபா?’ சாமானுக்குக் காசு கொடுப்போம், மூளைக்குக் கொடுக்க மாட்டோம். அதனால்தான் அவர் சாமான் விற்கிறார். இந்தக் களவில் நாமும் கூட்டு.

2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளமே தொடங்கியது. நல்லது. ஆனால் உரிமை மரக்காணம் கடைத்தெருவுக்கு வர வேண்டுமே! கம்பெனிகள் தங்கள் டிஸ்க் கடற்கரையில் எப்படி நடந்துகொள்ளும் என்று எழுதட்டும். கடைக்காரர் எதையெல்லாம் சோதித்தார் என்று பில்லில் எழுதட்டும். கேபிள் மாற்றிப் பார்த்தது, பவர் மாற்றிப் பார்த்தது, வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தது என்று மூன்று வரி போதும். அந்த மூன்று வரி இல்லாத ‘போயிடுச்சு’வை ஏற்காதீர்கள்.

உங்கள் பங்குக்கும் வேலை உண்டு. ஒவ்வொரு டிஸ்க்கின் சீரியல் நம்பரையும் எழுதி அதன் முகத்தில் ஒட்டுங்கள். காணாமல் போனவர் யார் என்று தெரியாமல் நல்ல டிஸ்க்கை உருவி எடுப்பது பெரிய விபத்து. பெட்டியைக் கடல் பார்த்த ஜன்னலிலிருந்து உள் அறைக்கு மாற்றுங்கள். ‘ரெய்டு போட்டிருக்கேன், ஆறு டிஸ்க் இருக்கே’ என்று நிம்மதியாக இருக்காதீர்கள். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் படுத்தாலும் கடை ஓடுவதற்கான ஏற்பாடு. மொத்தப் பெட்டியும் நனைந்தால் ஆறும் சேர்ந்தே நனையும். திண்டிவனத்தில் மச்சான் வீடு இருந்தால், இன்னொரு பிரதி அங்கே போகட்டும்.

அப்புறம், சோதித்துப் பார்த்ததற்காக அந்த முந்நூறு ரூபாயைக் கொடுங்கள். எதையும் மாற்றாமல் பத்து வருஷத்துக் கல்யாணங்களைத் திருப்பித் தந்தவருக்கு அது குறைச்சல்தான்.