வேகம் குறைவில்லை, சுவர்தான் தடை

வீடு முழுக்க வைஃபை எட்ட, 'பெரிய பிளான், பெரிய ரவுட்டர் போதும்' என்கிறார்கள். ஆழ்வார்திருநகரியின் பழைய வீடுகளுக்கு இது பொருந்தாது. வாசலிலிருந்து புறவாசல்வரை நீளும் வீட்டில் தடித்த செங்கல் சுவர்களைத் தாண்டுவதற்குள் 5 கிகாஹெர்ட்ஸ் அலை சோர்ந்துவிடும். 2.4 தாண்டும், ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. சுவரொட்டிய பக்கத்து வீட்டுக்காரருக்கும் அவைதான். ரவுட்டர் எவ்வளவு உரக்கப் பேசினால் என்ன? அடுக்களையில் இருக்கும் கைபேசியின் மெல்லிய பதில் அதற்குக் கேட்க வேண்டுமே! ஒரே அலைவரிசையில் வாங்கித் திருப்பி அனுப்பும் எக்ஸ்டெண்டரும் வேகத்தை ஏறக்குறையப் பாதியாக்கிவிடும்.

பிளானுக்குக் கூடுதல் பணம் கட்டாதீர்கள். நடுக்கூடத்துக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து, இரண்டாவது ஆக்சஸ் பாயிண்ட் வையுங்கள். டிவி, கேமராப் பதிவுப்பெட்டி போன்ற நகராத கருவிகளைக் கேபிளிலேயே இணையுங்கள்.