மீதி ரெண்டு ரூபாய்

உங்க காலேஜ்ல மாடல் எக்ஸாம் டைம்டேபிள் ஒட்டிட்டாங்களா? எங்க டிபார்ட்மென்ட் போர்டுல ஒட்டியாச்சு. அதனால இந்த வாரம் ஜோக் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும், கோவிச்சுக்காதீங்க. பதிலுக்கு ஒரு கதை சொல்றேன்.

மதுரையில் ஒரு பையன். வயசு பதினாறு, பத்தாவது படிக்கிறான். ஃபுட்பால்னா உயிர். அவன் எந்தப் பக்கம் ஆடறானோ அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும்னு ஃப்ரெண்ட்ஸ் வெச்ச பட்டப்பேர் 'தங்கக்கை'. (காலால ஆடற கேமுக்கு எதுக்குக் கைன்னு என்கிட்ட கேட்காதீங்க.) நீச்சல், குஸ்தி எல்லாம் உண்டு. தூக்கம்னா அப்படி ஒரு தூக்கம். முழிச்சிருக்கும்போது கிட்ட வரப் பயப்படற பசங்க, தூங்கறப்போ அலாக்கா தூக்கிட்டுப் போய் மொத்திட்டு, திரும்பக் கொண்டுவந்து படுக்க வெச்சிடுவாங்களாம். காலையில் எழுந்தா அவனுக்கு எதுவுமே தெரியாது! ஞாபகசக்தி பிரமாதம். பாடத்தை ஒரு தடவை காதால கேட்டாலே ஒப்பிச்சுடுவான். அந்தத் தைரியத்துல புத்தகத்தைத் தொடறது கிடையாது. உங்க கிளாஸ் கடைசி பெஞ்சுலயும் இப்படி ஒருத்தன் இருப்பானே?

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. இங்கிலீஷ் கிராமர் சரியா படிக்கலைன்னு மூணு தடவை எழுதிட்டு வரச் சொல்லி இம்போசிஷன். ரெண்டு தடவை எழுதியாச்சு. மூணாவது தடவை பாதியில பேப்பரைத் தள்ளி வெச்சுட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துட்டான். அது ஒண்ணும் புதுசு இல்லை. ஜூலை மாசம் ஒருநாள் திடீர்னு செத்துடப்போறோம்னு பயம் வந்து, அந்தப் பயத்தை நேருக்கு நேர் பார்த்துட்டு எழுந்ததுல இருந்தே விளையாட்டு, ஃப்ரெண்ட்ஸ், படிப்பு எதுலயும் மனசு ஒட்டலை. பார்த்துக்கிட்டே இருந்த அண்ணன், இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதுக்குங்கிற மாதிரி ஒரு வார்த்தை விட்டார்.

பையன் எழுந்தான். "ஸ்கூல்ல ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு"ன்னான்.

ஆமாம் பாஸ், அதே ஸ்பெஷல் கிளாஸ்தான்! நீங்களும் நானும் தியேட்டருக்குப் போக எத்தனை தடவை யூஸ் பண்ணியிருப்போம். அதுவும் என்ன சப்ஜெக்ட்னு சொன்னான் தெரியுமா? மின்சாரம். ட்ரிபிள் ஈ படிக்கிற எனக்கு இந்த இடத்துல எப்பவும் ஒரு சின்னப் பெருமை வரும். அண்ணனும் நம்பிட்டு, "அப்ப கீழே பெட்டியில அஞ்சு ரூபாய் எடுத்துட்டுப் போய் என் காலேஜ் ஃபீஸைக் கட்டிடு"ன்னார்.

பையன் ஒரு பழைய அட்லஸைப் பார்த்து ரயிலுக்கு மூணு ரூபாய் போதும்னு கணக்குப் போட்டான். மூணை மட்டும் எடுத்துக்கிட்டு, ஒரு சீட்டு எழுதி வெச்சான். என் அப்பாவைத் தேடிப் போறேன், யாரும் கவலைப்படாதீங்க, காசு செலவு பண்ணித் தேடாதீங்கன்னு. கடைசியில, உன் காலேஜ் ஃபீஸ் இன்னும் கட்டலை, மீதி ரெண்டு ரூபாய் இதோட இருக்குன்னு. செப்டம்பர் 1-ஆம் தேதி எங்க ஊர் திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தான். வேங்கடராமன்ங்கிற அந்தப் பையன்தான் ரமணர். இனிமே 'ர்' போட்டுடறேன், நான் இந்த ஊர்லதான் குடியிருக்கணும்.

சரி, இதை எதுக்கு இப்ப சொல்றேன்? ரமணாசிரமம் ஏரியா பசங்க எங்களுக்கு இந்தக் கதை ஒரு மெடிக்கல் சர்டிஃபிகேட் மாதிரி. எதுக்கு வேணா யூஸ் ஆகும். வீட்ல திட்டினா, "ரமணரே ஸ்கூல் முடிக்கலைம்மா." கிளாஸ் கட் அடிச்சா, "அவரே ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு வந்தவர்டா." நானும் சொல்லிட்டுத் திரிஞ்சவன்தான். போன செமஸ்டர் வரைக்கும்.

எங்க ஏரியா எப்படின்னு வெளியூர்க்காரங்களுக்குச் சொல்லிடறேன். செங்கம் ரோட்டுல ஆசிரமம். பக்கத்துலயே சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம். டீக்கடைகள், சைக்கிள்ல போற வெள்ளைக்காரங்க, மதில்மேல மயில், எது கையில இருந்தாலும் பிடுங்கற குரங்கு. ஊர் சுத்த இங்கே மால் கிடையாது, பீச் கிடையாது. எங்களுக்கு அவுட்டிங்னா மலைதான். சும்மா நாள்ல ஆசிரமத்துக்குப் பின்னாடி வழியா ஸ்கந்தாசிரமம் ஏறுவோம். பௌர்ணமின்னா கிரிவலம். பதினாலு கிலோமீட்டர், செருப்பில்லாம. நிறைமாச ராணி நடக்கிற மாதிரி மெதுவா நடக்கணும்னு ரமணர் சொல்வாராம். அந்த விஷயத்துல எங்க செட்டை அடிச்சுக்க ஆளே கிடையாது. சுக்கு காபி, சுண்டல், செல்ஃபி, இடுக்குப் பிள்ளையார்ல யார் மாட்டிக்கிறான்னு பந்தயம்... அஞ்சு மணி நேரம் ஆயிடும்.

ஆனா ஒண்ணு. செங்கம் ரோட்டை விட்டுத் திரும்பி நிருதி லிங்கம் பக்கம் போனதும் பேச்சு மாறும். பகல்ல கேன்டீன்ல வராத பேச்செல்லாம் அங்கேதான் வரும். எவன் அப்பா குடிக்கிறார், எவனுக்கு யாரைப் பிடிச்சிருக்கு, எவனுக்கு இந்த கோர்ஸே பிடிக்கலை... எல்லாம். முகம் தெரியாம நடந்துக்கிட்டே பேசறதுல ஒரு வசதி இருக்கு.

போன செமஸ்டர்ல ஒரு பௌர்ணமி. மூணு நாள்ல டிரான்ஸ்மிஷன் அண்ட் டிஸ்ட்ரிப்யூஷன் பேப்பர். எனக்கு அது புரியவே இல்லை. "நான் வரலைடா, படிக்கணும்"னேன். செட்டுல மத்த அஞ்சு பேரும் கிளம்பிட்டாங்க. ராத்திரி ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறந்தேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அக்னி லிங்கம் போட்டோ வந்துச்சு. அப்புறம் சுண்டல் போட்டோ. ஆசிரமம் வாசல்ல பின்னாடி ஒருத்தன் கொம்பு வெச்ச போட்டோ. ஒவ்வொண்ணுக்கும் ஸ்மைலி போட்டுட்டு, லைன் இன்டக்டன்ஸுக்குத் திரும்பினா முதல்ல இருந்து படிக்கணும். விடியக்காலை ரெண்டு மணிக்கு நான் முடிச்சிருந்தது மூணு பக்கம். அஞ்சு மணி நேரம் உட்கார்ந்திருக்கேன் சார், சும்மா இல்லை!

ரிசல்ட் வந்துச்சு. அரியர். அதைக்கூட விடுங்க.

ரெண்டு வாரம் கழிச்சு எங்க செட்டுல ஒருத்தன் ரூமுக்கு வந்து, என்கிட்ட வாங்கியிருந்த கால்குலேட்டரைத் திருப்பிக் கொடுத்தான். ரெக்கார்டு நோட்டையும் கொடுத்தான். அப்புறம் பாக்கெட்ல இருந்து அறுபத்திரண்டு ரூபாய். "டீக்கடைக் கணக்குல உனக்குத் தரவேண்டியது மச்சான்." இவன் எப்படா கணக்குப் பார்க்க ஆரம்பிச்சான்னு நான் சிரிச்சேன். அவன் சிரிக்கலை. அவங்க அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போய் வேலைக்குப் போகலை, ஃபீஸ் கட்டலை, டிஸ்கன்டின்யூ பண்ணப் போறான். அந்தப் பௌர்ணமி அன்னிக்கு அடி அண்ணாமலை தாண்டும்போது மத்த நாலு பேர்கிட்டயும் சொல்லியிருக்கான். "உனக்கு எக்ஸாம் டென்ஷன்ல எதுக்குன்னு சொல்லலைடா."

கிரிவலத்துலயும் நான் இல்லை, புத்தகத்துலயும் நான் இல்லை. அப்ப அந்த அஞ்சு மணி நேரம் நான் எங்கதான் இருந்தேன்?

அன்னிக்கு ராத்திரிதான் அந்த ரெண்டு ரூபாய் ஞாபகம் வந்துச்சு. அதுவரைக்கும் அந்தக் கதையில எனக்குத் தெரிஞ்சது ஸ்பெஷல் கிளாஸ் பொய் மட்டும்தான். கிளம்பறதுன்னு முடிவு பண்ணினவங்கதான் கணக்கை இப்படி நேர் பண்ணுவாங்க. அந்த வீட்ல அந்தச் சீட்டைப் படிச்சவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? தேடாதீங்கன்னு எழுதினா எந்த வீடு தேடாம இருக்கும்! 1898 டிசம்பர்ல அம்மா அழகம்மாளும் அந்த அண்ணனும் பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வந்துடுன்னு நாள்கணக்கா கெஞ்சியிருக்காங்க. அவர் போகலை. சரியா தப்பான்னு சொல்ற வயசு எனக்கு இல்லை. ஆனா "அவரே படிப்பை விட்டவர்தான்"னு ஈஸியா சொல்றோமே, அதுல இந்த அம்மாவை நாம சேர்த்துக்கிறதே இல்லை.

இன்னொண்ணும் நாங்க சேர்த்துக்கலை. பின்னாடி அவர்கிட்ட வந்து, வேலையை விட்டுடறேன், குடும்பத்தை விட்டுடறேன், இங்கேயே இருந்துடறேன்னு கேட்டவங்க நிறையப் பேர். அவர் அதை ஊக்குவிக்கலை. எங்கே போனாலும் உன் மனசும் கூடத்தானே வரும்ங்கிறதுதான் அவர் பதிலோட சாரம். தனியா இருக்கணும்னு ஓடிவந்தவர், ஆசிரமம் வந்தப்புறம் தனக்குன்னு ஒரு ரூம்கூட வெச்சுக்கலை. அந்தப் பழைய ஹால்லதான் சோபா. யார் வேணா வரலாம், பார்க்கலாம், கேட்கலாம். விடியறதுக்கு முன்னாடி கிச்சன்ல காய் நறுக்கறது, தபால் பார்க்கறது, புத்தக புரூஃப் திருத்தறது, சாப்பாட்டு மணி அடிச்சா எல்லாரோடயும் பந்தியில உட்கார்றது. 1950 ஏப்ரல் 14-ஆம் தேதி கடைசி மூச்சு வரைக்கும் கூட்டம்தான். காய் நறுக்கும்போது காய். பேப்பர் படிக்கும்போது பேப்பர். நமக்கு லேப்ல ரீல்ஸ், ரீல்ஸ்ல லேப் வைவா பயம்.

சீனியர்ஸ் டைம்டேபிள் போடச் சொல்வாங்க. நானும் நாலு கலர் ஸ்கெட்ச்ல போட்டுப் பார்த்தவன். அன்னிக்கு ஒன்பதுல இருந்து ரெண்டு வரைக்கும் டைம்டேபிள்படி நான் படிச்சுக்கிட்டுதான் இருந்தேன்! 'கடைசி வாரம் பார்த்துக்கலாம்'ங்கிற பழைய ஃபார்முலாவும் இப்ப ஓடாது. அண்ணா யுனிவர்சிட்டி 2017 ரெகுலேஷன்ல தியரி பேப்பருக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் 80. 2021 ரெகுலேஷன்ல 40-60. கூடவே 75 சதவீத அட்டெண்டன்ஸ். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா சேர்க்க வேண்டிய மார்க் அது. ஃப்ரெண்ட்ஸை மொத்தமா கட் பண்ணிட்டு ஒரே மூச்சுல சேர்த்துட முடியாது. (ஃப்ரெண்ட்ஷிப்புக்கும் இன்டர்னல் உண்டுன்னு எங்க செட்டுல ஒரு தத்துவஞானி சொல்றான். அவனுக்கு ஆறு அரியர்.)

ஒருநாள் சாயங்காலம் டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்னு ஆசிரமம் பழைய ஹால்ல போய் உட்கார்ந்தேன். போன் சைலன்ட். முதல் அஞ்சு நிமிஷம் தொடைமேல போன் வைப்ரேட் ஆகற மாதிரியே இருந்துச்சு. எடுத்துப் பார்த்தா சுவிட்ச் ஆஃப் ஆகி ரொம்ப நேரம் ஆச்சு! பெரிய ஞானம் எதுவும் வரலை. கால்தான் மரத்துப் போச்சு. ஆனா வெளியே வந்து டீ குடிக்கும்போது, எதிர்ல உட்கார்ந்திருந்தவன் பேசினதை முழுசாக் கேட்டேன். அவன்கூட, "என்னடா, உடம்பு சரியில்லையா?"ன்னான்.

நம்ம ஆள் என்ன ஆனான்னு கேட்பீங்களே... போகலை! நான் புத்தகத்தை முறைச்சுக்கிட்டு இருந்த அந்த ரெண்டு வாரத்துலயே மத்த நாலு பேரும் டியூட்டர் சாரைப் பிடிச்சுப் பேசியிருக்காங்க. அவன் கால்குலேட்டர் கொடுத்த மறுநாள் நானும் சேர்ந்துக்கிட்டேன். ஃபீஸைத் தவணையில கட்டலாம்னு ஆச்சு. அவன் அந்த டிரான்ஸ்மிஷன் பேப்பர்ல பாஸ். இப்ப எனக்குச் சொல்லித் தர்றதும் அவன்தான், தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் என் போன் அவன் பேக்ல இருக்கும். கால்குலேட்டர் மறுபடி அவன்கிட்ட. அறுபத்திரண்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்க மாட்டேன்னுட்டான். டீக்கடையில அட்வான்ஸா கொடுத்து வெச்சிருக்கோம்.

பௌர்ணமிக்கு இன்னும் ஒன்பது நாள். மாடல் எக்ஸாமுக்குப் பதிமூணு. இந்தத் தடவை நான் வர்றேன்னு சொல்லிட்டேன். அதுக்குள்ள லைன் இன்டக்டன்ஸ் முடிக்கணும்... அவன் வந்துட்டான், போனைக் கேட்கறான். அடுத்த வாரம் பார்க்கலாம்!