காமியோக்காவும் நம்ம தங்கவயலும்

ஆஸ்டின் டவுனில் நாலு தமிழ் வீட்டுக் கதவைத் தட்டினால் ஒரு வீட்டிலாவது தங்கவயல் கதை கிடைக்கும். தாத்தா மைன்ஸில் வேலை பார்த்தவராக இருப்பார். அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் கேஜிஎஃப் என்பது யஷ் நடித்த படம். அதனால் இன்று ஜப்பானில் ஒரு குட்டி ஊரைப் பற்றி எழுதுகிறேன். சம்பந்தம் இருக்கிறது, பொறுங்கள் :-)

ஊர் பெயர் காமியோக்கா. கிஃபு மாநிலத்து மலைகளுக்கு நடுவே துத்தநாகமும் ஈயமும் வெட்டிப் பிழைத்த ஊர். அந்தச் சுரங்கத்துக் காட்மியம் ஜின்சு ஆற்றில் கலந்து கீழே டொயாமாவில் எத்தனையோ பேரின் எலும்பை உருக்கியது. 'இதாய் இதாய்', அதாவது 'வலிக்குது வலிக்குது' என்பதே அந்த நோயின் பெயர். 2001-ல் வெட்டுவது நின்றது. 2004-ல் பக்கத்து ஊர்களோடு சேர்ந்து ஹிடா நகரமானது. 2006-ல் ரயிலும் நின்றது.

ஆனால் மலைக்குள் வேறொரு வேலை நடந்தது. 1983-ல் காமியோகாண்டே, 1996-ல் சூப்பர் காமியோகாண்டே. 1000 மீட்டர் பாறைக்கு அடியில் 50,000 டன் தண்ணீர்த் தொட்டி வைத்து நியூட்ரினோ பிடிக்கிறார்கள். 2002-ல் கோஷிபாவுக்கும் 2015-ல் கஜிட்டாவுக்கும் நோபல் பரிசு.

நிற்க. தங்கவயலை மூடியதும் அதே 2001-ல்தான், பிப்ரவரி 28. அதற்கு ரொம்ப முன்னால், 1965-ல், அங்கே 2 கி.மீ.க்கும் கீழே டாடா ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைப் பிடித்தன. அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் பிடித்தார்கள். உலகிலேயே அதுதான் முதல் முறை. கஜிட்டாவுக்குப் பரிசு வாங்கித் தந்ததும் இதே வகை நியூட்ரினோதான்.

அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்பது நியாயமில்லை. காமியோக்காவில் மலைக்குள் வண்டியிலேயே போகலாம். தங்கவயலில் கூண்டில் ஏறி நேர்குத்தாக இறங்க வேண்டும், தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். மூடியதும் சுரங்கத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. ஆய்வுக்கூடம் இருப்பதால் காமியோக்காவில் ஆள் குறைவது நிற்கவும் இல்லை.

ஆனால் அவர்கள் கதையைத் தொலைக்கவில்லை. 2019-ல் நெடுஞ்சாலை ஓய்விடத்திலேயே ஒரு காட்சியகம் திறந்தார்கள். டீ குடிக்க நிற்கிறவனும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுப் போகலாம்.

நமக்கு மிஞ்சியது சைனைடு மேடு மட்டும்தானா? விஞ்ஞானிகளின் பெயர் கட்டுரைகளில் இருக்கிறது. அந்த ஆழத்தை வெட்டிக் கொடுத்தது வட ஆற்காட்டிலிருந்தும் சேலம் பக்கமிருந்தும் போன கைகள். அவர்களின் பெயர் பேரப்பிள்ளைகளுக்கே தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியப் போகிறது?

மூடி இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. கூண்டில் இறங்கியவர்களில் இன்னும் இருக்கிறவர்களுக்கு வயதாகிவிட்டது. அடுத்த லீவுக்கு மாலுக்குப் போகாமல் பிள்ளைகளோடு மாரிகுப்பம் ரயில் ஏறுங்கள். தாத்தாவைப் பேச விட்டு, செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள்.