பட்டாசு விற்கலாமா? சேரியிலிருந்து ஒரு பதில்

ஐப்பசி நெருங்கினால் பட்டணத்தில் ஒரு விவாதம் ஆரம்பித்துவிடும். பட்டாசை எல்லாருக்கும் கடையில் வைத்து விற்கலாமா, கூடாதா? புகை, சத்தம், ஆஸ்துமா, நாய்க்குட்டி என்று ஒரு கோஷ்டி. பண்பாடு, பண்டிகை, இந்துக்களின் உரிமை என்று எதிர்க்கோஷ்டி. நடுவில் ஆலை முதலாளிகள் வந்து, பட்டாசை நிறுத்தினால் பல லட்சம் தொழிலாளர் குடும்பம் பட்டினி கிடக்கும் என்பார்கள். தீபாவளி முடிந்த மறுநாள் மூன்று பேரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். மருந்து கலக்கிற கை மட்டும் அடுத்த தீபாவளிக்காகத் திரும்பவும் மருந்துக்குள் போகும்.

அந்தக் கை யாருடையது? இந்த விவாதத்தில் கேட்கப்படாத கேள்வி இதுதான். கேட்டால் சாதி வந்துவிடும். சாதி வந்தால் சுற்றுச்சூழல்காரருக்கும் பிடிக்காது, பண்பாட்டுக்காரருக்கும் பிடிக்காது.

நான் அருப்புக்கோட்டைப் பக்கம் வங்கியில் எழுத்தர். எனக்குத் தெரிந்த பட்டாசு, கவுண்டருக்கு இந்தப் பக்கமிருந்து தெரிகிற பட்டாசு. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் அடகு வைத்த கம்மலை மீட்க வருகிற பெண்கள், கார்த்திகையில் அதே கம்மலைத் திரும்பவும் கொண்டுவருகிற பெண்கள். பி.எப். எண் என்ன என்று கேட்டால் முழிக்கிறவர்கள். விரலிடுக்கில் ஏறிய அலுமினியப் பவுடர் எத்தனை தேய்த்தாலும் போகாது. கைநாட்டு வைத்தால் மைக்கு நடுவில் வெள்ளியாக மின்னும்.

ஒரு நாள் ஒரு பெரியம்மா வந்தார். மேற்கே ஒரு ஆலையில் மகள் செத்து ஏழெட்டு மாதமாகியிருந்தது. வாரிசுச் சான்றுக்கு அலைந்து, நிவாரணப் பணம் கணக்கில் ஏறியிருந்தது. மகள் விட்டுப்போன ரெண்டு பிள்ளைகளும் கூடவே நின்றார்கள். "தம்பி, இதுல ஒரு ஐநூறு எடுக்கலாமா? பிள்ளைகளுக்கு வெடி வாங்கணும். இந்தத் தீவாளிக்கு வாங்கித் தாரேன்னு ஆத்தாகாரி சொல்லிட்டுப் போனா" என்றார்.

வெடியில் செத்தவளின் பணத்தில் வெடி. எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் பெரியம்மாவுக்கு நான் சொல்ல வேண்டிய பதில்.

*

முதலில் பூமியைப் பார்ப்போம். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேல். குண்டாற்றில் தண்ணீர் ஓடுகிற நாளை விரல்விட்டு எண்ணலாம். மானாவாரியில் கம்பு, சோளம், பருத்தி, மல்லி, மிளகாய். மழை பெய்தால் வெள்ளாமை. பெய்யாவிட்டால் கருவேலத்தை வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கலாம், மதுரைக்குக் கொத்து வேலைக்குப் போகலாம், இல்லை விடியுமுன் மேற்கே போகிற வேனில் ஏறலாம். வானம் பொய்த்தால் வயல் சாகும், வெடிமருந்து நன்றாகக் காயும். மழையில்லாத இந்த வானம் முதலாளிக்கு ரெண்டு வகையில் தோது. மருந்தும் காயும், கூலிக்கு ஆளும் கிடைக்கும்.

1923 வாக்கில் சிவகாசியிலிருந்து ரெண்டு நாடார்கள் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. பிறகு பட்டாசு, பிறகு அச்சகம். ஊருக்குக் குட்டி ஜப்பான் என்று பேர். இந்தக் கதையை நாம் கேலி செய்யக் கூடாது. இன்று முதலாளிகளில் பல சாதியார் உண்டு. ஆனால் தொழிலைத் தொடங்கிய சாதி அன்று கோயிலுக்குள் விடப்படாத சாதி. கமுதிக் கோயிலுக்குள் நுழைந்ததற்காக 1897-இல் வழக்கில் மாட்டி, பிரிவி கவுன்சில் வரை போய் 1908-இல் தோற்ற சாதி. 1899-இல் சிவகாசியில் வீடும் கடையும் கொள்ளை போன சாதி. அடிபட்டு எழுந்தவர்கள் தங்கள் கையால் ஒரு தொழிலைக் கட்டினார்கள். அதற்கு மரியாதை உண்டு. ஆனால் எழுந்தவர்கள் ஏணியை எங்கே ஊன்றினார்கள்? சாதி என்பது வேலையைப் பிரிப்பதல்ல, வேலை செய்கிற மனிதரைப் பிரிப்பது என்று அண்ணல் காட்டியதை நாக்பூர் லைசென்ஸ் வாங்கிய எந்த ஆலைக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். அலுவலகத்தில் யார், மருந்தறையில் யார், திரி வெட்டுகிற திண்ணையில் யார்? ஆபத்துக்கும் ஒரு படிநிலை இருக்கிறது. அதன் அடிப்படியில் நம் சனங்கள் கணிசம். அதிலும் நம் பெண்கள்.

1991-இல் மீனம்பட்டி. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டி. ஏறத்தாழ நாற்பது பேர், அதில் காப்பாற்ற ஓடிய பக்கத்து ஊர்க்காரர்களும் உண்டு. 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளம், இருபதுக்கும் மேலே. 2023 அக்டோபரில் ரெங்கபாளையம், செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். 2024 மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை 1-இல் சின்னக்காமன்பட்டி. இது முழுப் பட்டியலல்ல. ஒன்று இரண்டு பேர் சாகிற விபத்து உள்ளூர்ப் பதிப்பில் ஒரு பத்தியோடு முடிந்துபோகும். அச்சங்குளத்துக்கு மாநில அரசு 3 லட்சம், பிரதமர் நிவாரணத்திலிருந்து 2 லட்சம் அறிவித்தார்கள். உயிருக்கு ஒரு ரேட் இருக்கிறது. அறிவிக்க ஒரு நாள்கூட ஆகாது.

*

'இதெல்லாம் ஆலைப் பாதுகாப்புப் பிரச்சினை. கடையில் விற்கிறதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?' என்று தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இதை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

நாட்டில் வெடிக்கிற பட்டாசில் பெரும்பகுதி இந்த வறண்ட பூமியில் செய்யப்படுகிறது. அத்தனையும் வருசத்தில் ஒரு வாரத்துக்குள் விற்றுத் தீர வேண்டும். கோடிக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் கேட்கிற சரக்கு. அதனால் தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவியும். சட்டப்படி ஒரு அறைக்கு நாலு பேர்தான் உட்கார வேண்டும். அறை போதாது. மரத்தடியில் உட்கார வைப்பார்கள். லைசென்ஸ் ஒருத்தர் பேரில், அறைகள் வேறு ஆட்களுக்கு உள்குத்தகை. உள்குத்தகைக்காரன் கொடுத்த காசை எடுக்க வேண்டும். வேலை செய்கிறவளுக்கோ பீஸ் ரேட். எண்ணிக்கை கூடினால்தான் கூலி. மணி மருந்தை மெதுவாகக் கையாளு என்று எந்தப் போர்மேன் சொன்னாலும் அவள் வயிறு 'சீக்கிரம்' என்றுதான் சொல்லும். உராய்வு ஒரு நொடி வேலை. விபத்துக்குக் காரணம் உராய்வு என்று எழுதுகிறார்கள். அந்த அவசரத்தை உண்டாக்கியது எது என்று எழுதுவதில்லை.

கடைப்பலகையைப் பாருங்கள். எண்பது சதவீதம் தள்ளுபடி. நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவன். எண்பது சதவீதம் தள்ளிக் கொடுத்தும் லாபம் நிற்கிற சரக்கு உலகத்தில் வேறு இருக்கிறதா? அட்டையில் போட்ட விலை பொய், அதனால் தள்ளுபடியும் பொய். அந்தப் பலகையில் நெசமாகக் குறைந்து கிடப்பது எங்கள் அக்காமார் கூலி ஒன்றுதான்.

விற்கிற இடத்திலும் சாவு இருக்கிறது. 2009 தீபாவளிக்கு முதல் நாள் திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டில் பட்டாசுக் கடை எரிந்து 32 பேர் செத்தார்கள். 2023 அக்டோபரில் ஓசூருக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் கடையும் கிட்டங்கியும் எரிந்தன. செத்தவர்களில் மிகப் பலர் தருமபுரி, கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தீபாவளி சீசனுக்குப் பெட்டி அடுக்கப் போன இளவட்டங்கள். காலேஜ் பீஸ் கட்டப் போன பிள்ளைகளும் அதில் உண்டு.

*

நீதிமன்றம் பேசியிருக்கிறது. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாது, இணையத்தில் விற்கக் கூடாது, வெடிக்க ரெண்டு மணி நேரம்தான் என்றது. அதற்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் கதவடைத்தன. தில்லிக்காரர் நுரையீரல் பற்றிய வழக்கு. அந்த நுரையீரலும் மனுச நுரையீரல்தான், மறுக்கவில்லை. ஆனால் கந்தகமும் அலுமினியமும் வருசம் பூரா உள்ளே போகிற நுரையீரல் பற்றி அத்தனை பெரிய விவாதம் எங்கே நடந்தது? ஆலை மூடிய மாதங்களில் அடுப்பு எரியாத வீட்டுக்கு யார் பதில் சொன்னார்கள்? 2025 தீபாவளிக்கு அதே தில்லியில் பசுமைப் பட்டாசுக்கு அனுமதி வந்தது. பசுமைப் பட்டாசில் புகை குறையலாம். அதையும் மருந்து கலந்துதான் செய்ய வேண்டும். கலக்கிற கை மாறவில்லை.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் சனங்கள் பல பத்து வருசமாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. கண்மாய்க்கு வருகிற பறவை மிரண்டுவிடும் என்று. நல்ல சனங்கள். பறவைக்காக வெடிக்காத ஊர் இருக்கிறது. முதலிப்பட்டியில் கருகியவர்களுக்காக வெடிக்காத ஊர் ஒன்றைச் சொல்லுங்கள்.

*

இனி நம் பக்கத்து வாதத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்குக் கஷ்டமானது.

தீபாவளிக்கு மறுநாள் காலையில் ஊர்த்தெருவுக்குப் போய்ப் பொசுங்காத வெடி பொறுக்கியது எங்கள் சேரிப் பிள்ளைகளில் பலருக்கும் ஞாபகம் இருக்கும். திரி போன வெடியைப் பிரித்து, மருந்தைக் காகிதத்தில் கொட்டிப் பற்றவைத்துப் புஸ்ஸென்று ஒரு வெளிச்சம் பார்ப்போம். கண் புருவம் கருகியவன் நான். நம்ம பொணம் ஊர்த்தெரு வழியாக வெடி போட்டுப் போகக் கூடாது என்ற கட்டுமானம் இருந்த ஊர்கள் உண்டு. அதனால்தான் இன்றைக்கு ஏப்ரல் 14-இல் நம் இளவட்டங்கள் பத்தாயிரம் வாலாவை ரோட்டில் விரித்துக் கொளுத்தும்போது அதில் வெறும் கொண்டாட்டம் மட்டும் இல்லை. 'கேட்டுக்கோ, நாங்க இருக்கோம்' என்கிற சத்தம் அது. அதை நிறுத்து என்று சொல்ல எனக்கு நாக்கு கூசுகிறது.

ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தச் சரத்தில் ஒவ்வொரு வெடிக்கும் திரி வைத்தது யார்? அண்ணல் பிறந்தநாளில் நாம் கொளுத்துவது நம் அக்காமாரின் பீஸ் ரேட்டை. தீபாவளியும் நமக்கு ஒன்றும் வெடியோடு பிறந்ததல்ல. அயோத்திதாசப் பண்டிதர் அதை எள்நெய்யின் திருநாளாக, பௌத்தர்களின் நாளாகப் படித்தார். பெரியார் அதை அசுரன் கொலையைக் கொண்டாடச் சொல்லும் ஏமாற்று என்று தள்ளினார். ரெண்டு பேர் சொன்னதிலும் வெடிக்கடைக்கு வேலையில்லை.

*

ஆகவே என் நிலை இது. பட்டாசை வீட்டுக்கு வீடு சில்லறையாக விற்பது நிறுத்தப்பட வேண்டும். வேடிக்கை வேண்டுமென்றால் ஊராட்சியோ நகராட்சியோ பொது மைதானத்தில், பயிற்சி பெற்றவர்களை வைத்து நடத்தட்டும். ஊர் என்றால் சேரியும் சேர்ந்த ஊர். கோயில் போட்டிக்கு விடக் கூடாது. 2016 ஏப்ரலில் கொல்லம் பக்கம் புற்றிங்கல் கோயிலில் அனுமதி மறுக்கப்பட்ட பின்னும் போட்டி வெடி நடத்தி நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பொது வேடிக்கைக்கும் கறாரான சட்டம் வேண்டும். இது நடக்காத காரியமில்லை. ஆஸ்திரேலியாவில் பெரும்பாலான மாநிலங்களில் தனியார் வாங்கி வெடிக்க முடியாது. நெதர்லாந்து 2025-இல் பொதுமக்களுக்குப் பட்டாசு விற்பதைத் தடை செய்து சட்டம் போட்டது. அங்கே என்ஸ்கெடே நகரில் 2000-இல் ஒரு கிட்டங்கி வெடித்து 23 பேர் செத்தார்கள்.

ஆனால் வரிசை முக்கியம். தில்லிக்காக நடந்த மாதிரி முதலில் கதவை மூடிவிட்டு அப்புறம் சோற்றைப் பற்றி யோசிக்கிற வேலை கூடாது. முதலில் உள்குத்தகை ஒழியட்டும். லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறதோ அவர் ஜெயிலுக்குப் போகட்டும், போர்மேனை மட்டும் பிடித்துப் போடுகிற நாடகம் வேண்டாம். பீஸ் ரேட் போய் மாதச் சம்பளம் வரட்டும், ஒவ்வொருத்தி பேரிலும் பி.எப்., இ.எஸ்.ஐ. வரட்டும். பட்டாசில் அரசு எடுக்கிற வரியில் ஒரு பங்கு இந்தத் தாலுகாக்களின் கண்மாய்க்கும் வரத்துக்கால்வாய்க்கும் திரும்பி வரட்டும். 1892-இல் தொடங்கி நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறதோ அங்கிருந்து மீட்டு, தண்ணீரோடு கொடுக்கட்டும். பொது வேடிக்கைக்குப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டுமென்றால், மருந்தின் குணம் எங்கள் பெண்களைவிட யாருக்குத் தெரியும்? அவர்களுக்கே அந்த வேலை. இதெல்லாம் வருசம் குறித்து, படிப்படியாக. வேன் ஏறாமல் சோறு கிடைக்கிற வழி தெரிந்தால் எந்தப் பெண்ணும் மருந்தறைக்குப் போக மாட்டாள். மழை நன்றாகப் பெய்த வருசம் களையெடுப்புக்கு ஆள் நின்றுவிட்டால் ஆலைக்கு ஆள் குறைகிறதே, அதுவே சாட்சி.

அந்தப் பெரியம்மாவுக்கு அன்று என்ன செய்தேன்? பணம் எடுக்கிற சீட்டை நானே எழுதிக் கொடுத்தேன். ஐநூறு ரூபாய். அவர் கைநாட்டு வைத்தார். "பாத்து வெடிங்கடா" என்று மட்டும் பிள்ளைகளிடம் சொன்னேன். ஊரே வெடிக்கிற நாளில், ஆத்தாளைக் கொடுத்த பிள்ளைக்கு மட்டும் 'நீ வெடிக்காதே' என்று தியாகம் சொல்லித்தர எனக்கு என்ன யோக்கியதை? எல்லாத் தெருவுக்கும் சேர்த்துக் கடையை மூடுங்கள். அப்புறம் எங்கள் பிள்ளைகளிடம் நான் பேசிக்கொள்கிறேன்.