குழந்தைகள் பிரிவின் நூலடுக்கில் இந்நூல்களுக்கும் இடம் வேண்டும்

மருத்துவமனைக்கு வரும் குழந்தையின் உடலைப் பற்றி நாள் முழுவதும் பெரியவர்களே பேசுகிறோம். எடை எவ்வளவு, காய்ச்சல் எத்தனை, மருந்து எந்த வேளைக்கு என்று நாம் கேட்டுக்கொண்டும் குறித்துக்கொண்டும் இருக்கிறோம். அந்நேரங்களில் குழந்தையிடம் எதையும் கேட்காமல் துணையிருக்கும் பொருள்களுள் ஒன்று கதைநூல். ஆகவே குழந்தைகள் பிரிவின் அடுக்கில் எந்நூல்கள் இருக்க வேண்டும் என்பது சிறிய கேள்வி அன்று. ஆண்பிள்ளை இப்படி, பெண்பிள்ளை இப்படி என்று நாம் வகுத்துவைத்த அச்சில் பொருந்தாத பிள்ளைகளைப் பற்றிய நூல்களும் அவ்வடுக்கில் இருத்தல் வேண்டும் என்பது எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை நோயாளிகளின் குடும்பத்தார் முன் வைக்கிறோம்.

இத்தகைய நூல்கள் புதியவை அல்ல. 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லட் ஜோலோட்டோ எழுதிய 'வில்லியம்ஸ் டால்' என்னும் படநூலில், வில்லியம் என்ற சிறுவன் ஒரு பொம்மைக் குழந்தை வேண்டும் என்கிறான். தந்தை கூடைப்பந்தும் விளையாட்டு ரயிலும் வாங்கித் தருகிறார். அவன் அவற்றோடும் நன்றாகவே விளையாடுகிறான். ஆயினும் பொம்மை மேல் கொண்ட ஆசை போகவில்லை. பாட்டிதான் பொம்மையை வாங்கித் தந்து, நாளை தந்தையாகப் போகிறவனுக்குக் குழந்தையைத் தூக்கிப் பழக வேண்டாமா என்று தந்தைக்கு விளக்குகிறார். சென்னையைச் சேர்ந்த கரடி டேல்ஸ் வெளியிட்ட, மம்தா நைனி எழுதிய 'சாதிக் வான்ட்ஸ் டு ஸ்டிட்ச்' என்னும் நூலில், காஷ்மீரத்தின் ஆடு மேய்க்கும் பக்கர்வால் குடியில் பிறந்த சாதிக் பூத்தையல் செய்ய விரும்புகிறான். அது பெண்களின் வேலை என்கிறார் தாய். சென்னையின் மற்றொரு பதிப்பகமான தூலிகா வெளியிட்ட, கனக் சசியின் 'குட்லி ஹேஸ் விங்ஸ்' ஒரு படி மேலே செல்கிறது. எல்லோரும் ஆண்பிள்ளை என்று சொல்லும் குட்லி, தான் பெண்பிள்ளை என்கிறாள்; தீபாவளிக்குக் கவுன் அணிய ஆசைப்படுகிறாள். இம்மூன்றிலும் பிள்ளையின் விருப்பம் பெரிதன்று. அதற்குப் பெரியவர்கள் தரும் மறுமொழியே கதையை நடத்துகிறது.

நோயாளிகளின் குடும்பங்கள் சிறப்பாகக் கருத வேண்டிய நூல் ஒன்று உண்டு. ஆண், பெண் என்னும் இரண்டிலும் தம்மை அடக்கிக்கொள்ளாத எழுத்தாளர் அலெக்ஸ் ஜினோ 2015ஆம் ஆண்டு 'ஜார்ஜ்' என்னும் சிறுவர் நாவலை வெளியிட்டார். எல்லோரும் ஜார்ஜ் என்றழைக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளை, உள்ளத்தில் தன்னை மெலிசா என்னும் சிறுமியாகவே அறிகிறாள். தன் கதைத்தலைவி ஏற்காத பெயரையே நூலுக்குச் சூட்டிவிட்டோம் என்று கருதிய ஆசிரியர் தலைப்பை மாற்ற விரும்பினார். 2022 முதல் அந்நூல் 'மெலிசா' என்னும் பெயரிலேயே அச்சாகிறது. புறநோயாளிகள் பிரிவில் சீட்டைப் பார்த்து உரத்த குரலில் பெயர் அழைப்பது வழக்கம். தனக்குப் பொருந்தாத பெயரை நிறைந்த கூடத்தில் கேட்டு எழுந்து நிற்க வேண்டிய இளையவருக்கு அந்த ஒரு நொடி மிகக் கடியது. அதற்கு அஞ்சி மருத்துவரிடம் வருவதையே தள்ளிப்போடுவோர் உள்ளனர். தள்ளிப்போட்ட நோய் முற்றுகிறது. எப்படி அழைக்கட்டும் என்று கேட்கும் பழக்கம் மருத்துவமனைக்கும் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும். அப்பழக்கத்தின் தேவையை இத்தகைய நூல் எளிதில் உணர்த்திவிடும்.

இவற்றைப் படித்தால் பிள்ளை மாறிவிடுமோ என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அந்த அச்சத்தை நாங்கள் எள்ளவில்லை. ஆனால் வில்லியம் கதையைக் கேட்ட சிறுவர் எல்லோரும் பொம்மை கேட்பதில்லை. சாதிக் கதையைக் கேட்டோர் எல்லோரும் ஊசி எடுப்பதும் இல்லை. இல்லாத உணர்வை நூல் உண்டாக்குவதில்லை. இருக்கும் உணர்வைச் சொல்லச் சொல் தருகிறது. மருத்துவ நிலைப்பாடும் தெளிவாகவே உள்ளது. 2019ஆம் ஆண்டு உலக நலவாழ்வுப் பேரவை ஏற்று, 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பு, இத்தகைய பாலின அடையாளத்தை மனநோய்களின் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. 2021ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் பிறப்பித்த ஆணைகளைத் தொடர்ந்து, பாலின அடையாளத்தை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யப்படும் சிகிச்சை மருத்துவரின் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்தது. ஆகவே, பிள்ளையைக் குணப்படுத்தித் தாருங்கள் என்று கேட்டு இடந்தோறும் அலையும் பெற்றோரிடம் நாங்கள் சொல்லக்கூடியது ஒன்றே: இது நோய் அன்று. பிள்ளையின் துயரம் உண்மையானது. அதைக் கேட்க மருத்துவரும் மனநல ஆலோசகரும் உள்ளனர்.

இவை அயல்நாட்டுச் சரக்கு என்பாரும் உண்டு. தொல்காப்பியச் சொல்லதிகாரம் இத்தகையோரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையின் இடத்திலேயே வைத்துப் பேசுகிறது. அவர்களுக்கெனத் தனி ஈறு இல்லை என்றும், உயர்திணையின் பால் காட்டும் ஈறுகளையே அப்பெயர்கள் ஏற்கும் என்றும் கூறுகிறது. பாரதக் கதை சொல்லும் நம் பாட்டியர் சிகண்டியையும், விராட நகரில் நடனம் கற்பித்த பிருகன்னளையையும் விட்டுவிட்டுக் கதை சொன்னதில்லை. பழங்கதையில் ஏற்றவரை அடுத்த தெருப் பிள்ளையிடம் ஏற்க மறுப்பது முறையாகாது.

நம் மொழியே இங்கு ஒரு வாய்ப்பும் ஒரு தடையும் தருகிறது. 'அவர் வந்தார்' என்றால் வந்தவர் ஆணா, பெண்ணா என்று சொல்ல வேண்டியதில்லை. 'குழந்தை சிரித்தது' என்பதிலும் அவ்வாறே. ஆனால் பிள்ளை சற்று வளர்ந்ததும் 'வந்தான்' அல்லது 'வந்தாள்' என்று வினைமுற்றே பிரித்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் பிள்ளையின் கதையைத் தமிழில் எழுதுவோர் வரிக்கு வரி இதைத் தீர்மானித்தாக வேண்டும். சிறுவருக்கும் 'அவர்' என்று எழுதலாம். பெயரையே திரும்பச் சொல்லலாம். எவ்வழியாயினும், மொழிபெயர்ப்பாக மட்டுமன்றி நேரே தமிழில் பிறக்கும் சிறுவர் நூல்கள் இத்துறையில் மிகுதியாக வர வேண்டும்.

வயது பார்த்துத் தருவதும் கடமை. மையா கோபாபே 2019இல் வெளியிட்ட 'ஜென்டர் குவியர்' என்னும் வரைகதைத் தன்வரலாறு, ஆண் பெண் இரண்டிலும் சேராத ஒருவரின் வளர்பருவத்தை நேர்மையாகச் சொல்கிறது. அமெரிக்க நூலகங்களில் 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மிகுதியான எதிர்ப்புக்கு உள்ளான நூலும் அதுவே. உடல் பற்றிய வெளிப்படையான சித்திரங்கள் அதில் உண்டு. அது முதிர்ந்த வளரிளம் பருவத்தினருக்கு உரியது, ஆறு வயதுப் பிள்ளைக்கு அன்று. லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா', ரேவதியின் 'வெள்ளை மொழி' ஆகிய தன்வரலாறுகளில் வன்முறையும் பெருந்துன்பமும் பதிவாகியுள்ளன. அவற்றை இளைஞரும் பெற்றோரும் படிக்கலாம். சிறுவர் அடுக்கில் வைக்க வேண்டியதில்லை. ஒரு நூல் ஒரு வயதுக்குப் பொருந்தாது என்பதனால் அத்துறை நூல்கள் அனைத்தையும் விலக்குவது, ஒரு மருந்தின் அளவு மிகையென்று மருந்தகத்தையே மூடுவது போன்றது.

இந்நூல்கள் அத்தகைய பிள்ளைகளுக்கு மட்டும் உரியவையும் அல்ல. அடுத்த கட்டிலில் உள்ள பிள்ளையைக் கேலி செய்யாதிருக்க மற்றப் பிள்ளைகளுக்கும் அவை வேண்டும். ஆணுடல், பெண்ணுடல் என்று உடனே வகுக்க இயலாத உடற்கூறோடு பிறந்த மகவைக் கையில் ஏந்தி நிற்கும் பெற்றோரையும் எண்ணிப் பாருங்கள். உயிருக்கு ஆபத்தான நிலையில் அன்றி அத்தகைய குழந்தைகளுக்குப் பாலினத்தைத் திருத்தும் அறுவை சிகிச்சை கூடாது என்று 2019ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து தமிழக அரசு ஆணையிட்டது. அறுவை சிகிச்சையின்றி வளரும் அப்பிள்ளை பின்னாளில் தன்னைப் பற்றிக் கேட்கும்போது, பெற்றோர் கையில் எளிய நூல் ஒன்றேனும் இருத்தல் நலம்.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது இவ்வளவே. நூலைப் பிள்ளையிடம் நீட்டிவிட்டு விலகாமல், முதலில் நீங்கள் படியுங்கள். பின்பு பிள்ளையோடு சேர்ந்து படியுங்கள். படித்து முடித்ததும், நீயும் இப்படித்தானா என்று கேட்காதீர்கள். அக்கேள்வி கதையை விசாரணையாக்கிவிடும். வில்லியமின் தந்தை செய்தது சரியா, குட்லிக்கு என்ன தோன்றியிருக்கும் என்று கதையைப் பற்றியே பேசுங்கள். பிள்ளை தானாக ஏதேனும் சொன்னால் இடைமறிக்காமல் கேளுங்கள். சினந்து பேசவும் வேண்டா, உறவினரிடம் உடனே சொல்லவும் வேண்டா. சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, உங்களுக்கு எழும் ஐயங்களைப் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்காமல், தனியே மருத்துவரிடம் கொண்டு வாருங்கள்.